வணிகர் வெளியிட்ட செப்பு வில்லைகள்



தண்ணீரூற்றில் எமது பாடசாலை மாணவன் ஒருவன், காலஞ்சென்ற தன் பாட்டியாரின் பெட்டியிலிருந்து ஒரு செப்பு வில்லையைக் கொண்டுவந்தான். அதில் அரச தலையும் இல்லை, அரச முத்திரையும் இல்லை. “இது கள்ளக்காசா, ஐயா?” என்று கேட்டான்.

அது கள்ளக்காசன்று, வணிகர் காசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த கோப்பி, கொழும்பு ஆலைகளில் உலர்த்தப்பட்டுத் தோல் நீக்கித் தரம் பிரிக்கப்பட்டது. தரம் பிரித்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் செய்த வேலைக்குச் சான்றாகக் கம்பனிகள் தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கின. அவற்றைத் திருப்பிக் கொடுத்தே கூலி பெறுதல் வேண்டும்.

இவற்றின் காலத்தை அறிய மூன்று வழிகள் உள. முதலாவது, பொறித்த ஆண்டு. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை வில்லையில் 1843 என்ற ஆண்டு காணப்படுகின்றது. ஆயினும் அது புழக்கத்தின் முடிவைக் குறிப்பதன்று. இரண்டாவது, கம்பனியின் பெயர். அக்கம்பனி 1835இல் தொடங்கியது. ஆகவே அதன் பெயர் தாங்கிய வில்லை எதுவும் அதற்கு முற்பட்டதாகாது. பங்காளர் மாறும்போது கம்பனிப் பெயர்கள் மாறுவதும் நமக்குத் துணையாகும். மூன்றாவது, பணக்கணக்கு. இலங்கையில் ரூபாவும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தன. பென்சுக் கணக்கு அதற்கு முந்திய காலத்தையும், சதக்கணக்கு பிந்திய காலத்தையும் சுட்டும்.

மேல் எல்லையைக் காட்டுவது ஒரு நோய். 1869இல் இங்கு தோன்றிய இலைத்துரு நோயினால், 1880களில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. ஆலைகள் ஓய, வில்லைகளும் ஓய்ந்தன.

மாணவனின் வில்லைக்கு வருவோம். பளபளப்பாக்கும் ஆசையால் அவன் அதைப் புளியிட்டுத் தேய்த்திருந்தான். ஆண்டு இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது. கம்பனியின் பெயரும் தெரியவில்லை. எஞ்சியது சதம் என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றே. அதைக் கொண்டு, 1872க்கும் 1880களின் இறுதிக்கும் இடைப்பட்டதாகலாம் என்று மட்டும் கணித்தோம்.

நேயர்களே, பழஞ்செம்பைத் தேய்க்காதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலால் இலேசாக உரசிப் படியெடுங்கள். நிறையையும் குறுக்களவையும் குறித்து வையுங்கள். அந்த ஆலைப் பெண்களின் பெயர்களை எந்த வில்லையும் தாங்கவில்லை. அவர்தம் ஒரு நாள் உழைப்பை மட்டுமே தாங்கின. எவர் கைவழியாக அது வன்னிக்கு வந்தது என்பதைச் சொல்லப் பாட்டியார் இன்றில்லை. உங்கள் இல்லத்து மூதாட்டியார் இருக்கின்றாரெனில், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.