200க்கு எவ்வளவு?

திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் பெற்றோர் வினவுவது இக்கோடையில் ஒன்றே: ‘மகனுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?’ கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டியே தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை அமைகின்றது. ‘190’ எனத் தந்தை ஒருவர் பெருமிதத்துடன் உரைக்க, 142 பெற்ற சிறுவன் தூணோரம் ஒதுங்கியதைக் கண்டோம். நம் உள்ளம் நொந்தது.

அதே முற்றத்தில் தாய் ஒருவர் மற்றொருவரிடம், ‘அக்கா, உங்கள் வீட்டில் இவன்தானே முதலில் பட்டம் பெறப்போகிறவன்? இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு’ என்றார். நகையை அடகு வைக்க எண்ணியிருந்த அத்தாயின் கண்கள் கலங்கின. அவர் மகனே தூணோரம் நின்றவன்.

அன்புப் பெற்றோரே, ஒப்பிடும் பேச்சு பிள்ளையை வாட்டும். அறிந்ததைப் பகிரும் பேச்சு குடும்பத்தைத் தாங்கும். எண்ணைக் கேட்குமுன், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்போமாக.