ஊர் போட்ட ஓட்டும் மன்றம் போட்ட ஓட்டும்

1996 அக்டோபரில் திருநெல்வேலி வாக்காளருக்கு இரண்டு ஓட்டு இருந்தது: ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று மேயருக்கு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளோடு தச்சநல்லூர் பேரூராட்சியையும் சில ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாக்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மேயருக்கு நிற்பவர் டவுன் ரதவீதியில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஆற்றைத் தாண்டிப் பாளைக்கும் போகவேண்டும், மேலப்பாளையத்துத் தெருக்களிலும் நிற்கவேண்டும். குடிதண்ணீர் வரவில்லை என்று நாலு பேர் சத்தம்போட்டால் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். அப்படி ஜெயித்து முதல் மேயர் ஆனவர் உமாமகேஸ்வரி.

2024 ஆகஸ்ட் 5. அதே ஊர், அதே நாற்காலி. முந்தைய மேயர் ஜூலையில் ராஜினாமா செய்துவிட்டதால் புதியவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தி.மு.க. நிறுத்தியது ‘கிட்டு’ ராமகிருஷ்ணனை. மூன்று முறை கவுன்சிலர். சைக்கிளில் போய்வருகிறவர் என்று பத்திரிகைகள் படத்தோடு எழுதின. தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கத் தோதான ஆள். ஆனால் அதற்கு வேலையே இல்லை. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் மொத்தம் 55 கவுன்சிலர்கள்!

ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தும், சொந்தக் கட்சியிலிருந்தே பவுல்ராஜ் எதிர்த்து நின்றார். எண்ணியபோது ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23. இதில் ஊர்க்காரர் எவரும் ஓட்டுப்போடவில்லை. சாயங்காலம் டீக்கடையில் முடிவைத் தெரிந்துகொண்டதோடு சரி.

கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் இந்த மறைமுக முறை ஒரேயடியாக வந்ததுமல்ல. 1996, 2001 நேரடி, 2006 மறைமுகம், 2011 மறுபடி நேரடி. அதற்கப்புறம் தேர்தலே நடத்தாமல், கவுன்சிலே இல்லாமல் ஐந்து வருஷத்துக்குமேல் ஓடியது. அந்த இடைவெளியிலும் சட்டம் முன்னும் பின்னும் திருத்தப்பட்டு, 2019இல் மறைமுகத்தில் வந்து நின்றது. மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் தீர்மானம் எதுவும் நகராது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். தள்ளிவிடக்கூடிய நியாயமல்ல. ஆனால் நெல்லையில் மேயரும் பெரும்பான்மையும் ஒரே கட்சியாக இருந்தபோதுதான் 2024 ஜனவரியில் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் விவகாரம் போனது.

வார்டில் கால்தேய நடந்து பழகியவருக்கு அந்தப் பழக்கம் மேயர் தேர்தலில் அன்று முதலீடு. இன்று வேட்பாளர் யார் என்பது சென்னையில் முடிவாகிறது. மீதி, சக கவுன்சிலர்களைச் சமாளிக்கும் சாமர்த்தியம். ராமகிருஷ்ணன் மாதிரி அனுபவசாலி வந்தது நல்லதுதான், ஆனால் இந்த ஏற்பாட்டில் அது நெல்லைக்கு அடித்த அதிர்ஷ்டம்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம். சட்டம் இப்படியே இருந்தால், அடுத்த முறை கவுன்சிலர் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது சாக்கடை, தெருவிளக்கு பற்றிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மேயர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப்போடப்போகிறார் என்றும் கேட்டுவையுங்கள்.