பதத்துக்கு ஒரு காப்புரிமை

அதிரசத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், பொரிக்க எண்ணெய். இதில் யாருக்கும் எந்த ரகசியமும் இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு முந்தின வாரம் தெருவில் எல்லா வீட்டிலும் அதிரசம் சுட்டால், ஒரு வீட்டில் எண்ணெயில் போட்டதுமே பிரிந்து போகும், இன்னொரு வீட்டில் பல்லை உடைக்கும். வித்தியாசம் பாகில் இருக்கிறது. கொதிக்கிற பாகிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் கூட்டினால், அது கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். அந்தக் கணத்தில் பாத்திரத்தை இறக்கி மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் பாகு முற்றிவிடும்.

காப்புரிமை என்ற சட்ட ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை இந்த ஒரு பாத்திரத்தை வைத்தே விளக்கிவிடலாம். அதற்கு 1906 மே 22 அன்று அமெரிக்கா வழங்கிய 821,393 என்ற எண்ணுள்ள காப்புரிமையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதைப் பெற்றவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ஆர்வில் ரைட், வில்பர் ரைட் சகோதரர்கள். தலைப்பு, ‘பறக்கும் இயந்திரம்’. ஆனால் அந்த ஆவணத்தைப் படித்தால் முதல் ஆச்சரியம் காத்திருக்கும். படத்திலும் சரி, விளக்கத்திலும் சரி, எஞ்சினே கிடையாது. அதில் இருப்பது 1902-இல் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் அவர்கள் ஓட்டிப் பார்த்த கிளைடர்தான்.

ஏன் அப்படி? அரிசி மாவும் வெல்லமும் ஏற்கெனவே ஊரில் இருந்தன. வளைந்த இறக்கை காற்றில் தூக்கும் என்பது தெரிந்த சங்கதி. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் கிளைடரில் பறந்து, 1896-இல் விழுந்து இறந்தும் போயிருந்தார். பெட்ரோல் எஞ்சின் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் பறந்துவிடலாம் என்று பலர் நம்பினார்கள். காற்று சற்றே சீறினால் பக்கவாட்டில் சாய்கிற இயந்திரத்தை மேலே இருப்பவன் எப்படி நிமிர்த்துவான் என்பதற்குத்தான் விடை இல்லை. ரைட் சகோதரர்கள் கண்டுபிடித்த பதம் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1899-இல் வில்பர் கடையில் ஒரு சைக்கிள் டியூப் வந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பெட்டியின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கியபோது, ஒரு முனையின் விளிம்பு கீழே இறங்க, மறு முனையின் விளிம்பு மேலே ஏறியது. இரட்டை இறக்கையையும் இப்படியே முறுக்கலாமே என்று தோன்றியது. அவர்களுடைய கிளைடரில் ஓட்டுபவர் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பு ஒரு தொட்டில் போன்ற சட்டத்தில் பொருந்தியிருக்கும். இடது பக்கம் தாழ்ந்தால் இடுப்பை வலப்பக்கம் நகர்த்துவார். தொட்டிலோடு கட்டிய கம்பிகள் இழுபட்டு, இடது இறக்கையின் நுனியில் பின் விளிம்பு கீழே வளையும், வலது நுனியில் மேலே வளையும். இடது இறக்கை கூடுதலாகக் காற்றைப் பிடித்து உயரும், வலது இறங்கும், இயந்திரம் நிமிரும்.

ஆனால் 1901-இல் இதை ஓட்டியபோது இன்னொரு தொல்லை வந்தது. கூடுதலாகக் காற்றைப் பிடிக்கிற இறக்கைக்குக் காற்றின் தடையும் கூடும். அது பின்தங்கும், மூக்கு அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும். நிமிர்த்தப் போய் இயந்திரம் சுழல ஆரம்பிக்கும். 1902-இல் பின்னால் செங்குத்தான ஒரு சுக்கானைப் பொருத்தினார்கள். அசையாத சுக்கான் போதவில்லை. அதை அசையும்படி செய்யலாம் என்றார் ஆர்வில். அப்படியானால் இறக்கையை முறுக்கும் கம்பியோடு அதையும் இணைத்துவிடலாம் என்றார் வில்பர். இடுப்பை ஒருமுறை நகர்த்தினால் இறக்கையும் முறுகும், சுக்கானும் எதிர்ப்பக்கம் திரும்பும். அன்றுதான் பாகு உருண்டு வந்தது என்று சொல்வேன். 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சினோடு பறந்த 12 விநாடிகள் உலகுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. விஷயம் அதற்கு ஓராண்டு முன்பே முடிந்துவிட்டது.

இனி சட்டம். பதத்தைக் கண்டுபிடித்தவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, யாருக்கும் சொல்லாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்து விற்கலாம். அடுத்த வீட்டுக்காரர் சாப்பிட்டுப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிட்டால் கேட்க முடியாது. மற்றொன்று, பக்குவத்தை ஒன்றுவிடாமல் எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பது. சமைக்கத் தெரிந்த இன்னொருவர் அதைப் படித்து அதே அதிரசத்தைச் சுட முடியும் அளவுக்கு எழுத வேண்டும். அரசு அதை அச்சிட்டு ஊருக்கே காட்டும். கைம்மாறாக, குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் அனுமதியில்லாமல் வேறு யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்று தடுக்கும் உரிமையைக் கொடுக்கும். அன்றைய அமெரிக்காவில் அந்தக் காலம், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். அதன் பிறகு பக்குவம் ஊருக்குச் சொந்தம்.

பக்குவத்தின் முடிவில் எண்ணிட்ட வாக்கியங்கள் வரும். உரிமைக்கோரல்கள் என்று பெயர். காப்புரிமையின் உயிர் அங்கேதான். மேலே எவ்வளவு விரிவாக எழுதியிருந்தாலும், வழக்கு என்று வந்தால் நீதிபதி இந்த வாக்கியங்களைத்தான் வைத்துக்கொண்டு அளப்பார். ‘மண் அடுப்பில், பித்தளைப் பாத்திரத்தில், கரும்பு வெல்லத்தை’ என்று கோரினால், பக்கத்து வீட்டார் எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சித் தப்பித்துவிடுவார். ‘இனிப்பான எதையும் காய்ச்சி மாவில் சேர்ப்பது’ என்று கோரினால், பாட்டி காலத்திலிருந்து எல்லோரும் செய்வதுதானே என்று அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் கோட்டைக் கிழிப்பது தனிக் கலை.

ரைட் சகோதரர்கள் 1903 மார்ச்சில் தாங்களே எழுதிய விண்ணப்பம் தேறவில்லை. 1904 தொடக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகர வழக்கறிஞர் ஹாரி டூல்மினிடம் போனார்கள். பறக்கும் இயந்திரம் முழுவதையும் கேட்காதீர்கள், அதை நிலைப்படுத்தும் முறையைக் கேளுங்கள் என்ற வழியில் அவர் விண்ணப்பத்தை நடத்திச் சென்றார். வரைந்த படத்தில் முறுகும் இறக்கை இருந்தது. ஆனால் இறக்கையின் இரு ஓரங்களும் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை எதிரெதிராக மாற்றுகிற வேறு அமைப்புகளும் தங்கள் கண்டுபிடிப்புக்குள் அடங்கும் என்று எழுத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாத்திரத்தையும் அடுப்பையும் விட்டுவிட்டுப் பதத்தை மட்டும் கோரியதற்குச் சமம் இது. அந்தக் காலக் காப்புரிமை எழுத்தில் இதை நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த கிளென் கர்டிஸ், தொலைபேசி கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் அமைத்த குழுவில் சேர்ந்து விமானம் செய்தார். அவர் இறக்கையை முறுக்கவில்லை. இறக்கை ஓரத்தில் கீல் வைத்த சிறு பலகைகளைப் பொருத்தினார். இன்று எய்லரான் என்கிறோம். நீங்கள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால் இறக்கை நுனியருகே ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். 1909-இல் அவர் விமானத்தை விற்றதும் ரைட் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நான் முறுக்கவே இல்லையே, சுக்கானையும் கம்பியால் இணைக்கவில்லையே என்றார் கர்டிஸ். பாத்திரம் வேறுதான், பதம் அதேதான் என்பது நீதிமன்றத்தின் முடிவு. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் ரைட் தரப்பே வென்றது. முன்னோடிக் கண்டுபிடிப்பு என்பதால் கோரல்களை விரிவாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதே காலத்தில் எதிர்மாறாக முடிந்த வழக்கும் உண்டு. ஜார்ஜ் செல்டன் என்ற வழக்கறிஞர் 1879-இல் மோட்டார் வண்டிக்கு விண்ணப்பித்து, திருத்தம் மேல் திருத்தமாகப் போட்டு 1895 வரை இழுத்தார். 17 ஆண்டுக் கணக்கு வழங்கும் நாளில்தானே தொடங்குகிறது! அதற்குள் கார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. உற்பத்தியாளர்கள் பலர் அவருக்குப் பணம் கட்டினார்கள். ஹென்றி ஃபோர்டு கட்ட மறுத்தார். 1911-இல் நீதிமன்றம், செல்டனின் உரிமை பிரேட்டன் வகை எஞ்சினுக்கு மட்டுமே, ஃபோர்டு வைத்திருப்பது ஓட்டோ வகை என்று சொல்லி அவரை விடுவித்தது. இங்கே பதமே வேறு.

காப்புரிமை அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, இது புதிதா என்பது. கர்டிஸ் தரப்பு இதையும் விடவில்லை. ரைட் சகோதரர்களுக்குச் சில நாள் முன்பு, 1903-இல், ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை வகித்த சாமுவேல் லாங்லி செய்த விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. அதை 1914-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஒப்புதலோடு எடுத்து, பல இடங்களில் மாற்றியமைத்து, கர்டிஸ் சிறிது தூரம் பறக்கவிட்டார். முன்பு முற்றிப்போன பாகை இன்றைய பக்குவத்தில் மறுபடி காய்ச்சி, அன்றே இது நன்றாக வந்திருக்கும் என்று சாட்சி சொன்ன வேலை. எனக்கு இது நேர்மையாகப் படவில்லை. ஸ்மித்சோனியனும் லாங்லியின் இயந்திரமே பறக்கும் திறன் கொண்ட முதல் விமானம் என்று எழுதி வைத்தது. மனம் கசந்த ஆர்வில் 1903 விமானத்தை 1928-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942-இல் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. விமானம் அமெரிக்கா திரும்பியது 1948-இல். அதே ஆண்டு ஜனவரியில் ஆர்வில் இறந்துவிட்டிருந்தார்.

காப்புரிமையைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. அது ‘நான் செய்யலாம்’ என்ற உரிமை என்று எண்ணுகிறார்கள். கொடுக்கப்படுவது ‘நீ செய்யாதே’ என்று சொல்லும் உரிமை மட்டுமே. பதம் உங்களுடையது என்று வையுங்கள். பக்கத்து வீட்டார் அதே மாவில் எள்ளைச் சேர்த்து, ஒரு மாதம் கெடாத அதிரசம் சுடக் கற்றுக்கொண்டு அதற்குக் காப்புரிமை வாங்குகிறார். உங்கள் அனுமதியில்லாமல் அவர் அதைச் சுட முடியாது, ஏனென்றால் பதம் உங்களுடையது. அவர் அனுமதியில்லாமல் நீங்களும் எள் அதிரசம் சுட முடியாது. ஊருக்கு நல்ல அதிரசம் கிடைக்காது. அமெரிக்க விமானத் தொழில் இந்த முட்டுச்சந்தில்தான் நின்றது. கர்டிஸ் கையிலும் கடல் விமானம் முதலான காப்புரிமைகள் சேர்ந்திருந்தன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது விமானங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அரசின் வற்புறுத்தலால் தயாரிப்பாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, எல்லோருடைய காப்புரிமைகளையும் ஒரே இடத்தில் போட்டார்கள். விமானம் ஒன்றுக்கு 200 டாலர் கட்டினால் யாரும் எதையும் பயன்படுத்தலாம். அதில் பெரும்பங்கு ரைட், கர்டிஸ் நிறுவனங்களுக்குப் போனது. நெடுங்காலம் மோதிய அந்த இரண்டு பெயர்களும் 1929-இல் ஒரே நிறுவனத்தின் பலகையில் சேர்ந்தன: கர்டிஸ்-ரைட்.

வில்பர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1912 மே மாதம் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார், வயது 45. கடைசி ஆண்டுகளில் அவர் நேரத்தின் பெரும்பகுதியை வழக்கு விழுங்கியது. சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கைகள் அந்த ஆண்டுகளில் கம்பியையும் துணியையும் மரத்தையும் தொட்டிருந்தால் இன்னும் என்னென்ன வந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

கடைசியாக, ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் வாசகர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும். வில்பர் 1901-இல் சிகாகோ பொறியாளர்கள் கூட்டத்தில் தங்கள் சோதனைகளைப் பற்றிப் பேசினார். அவர்களுடைய நண்பர் ஆக்டேவ் ஷனூட் 1903 ஏப்ரலில் பாரிஸில் இறக்கை முறுக்கலை நல்லெண்ணத்தோடு விவரித்தார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததால் அங்கே பாதகமில்லை. ஜெர்மனியில் அப்படி இல்லை. அங்கே அவர்கள் விண்ணப்பித்தது 1904-இல். அதற்கு முன்பே வெளியே சொல்லிவிட்டார்கள் என்பதைக் காரணம் காட்டி, 1912-இல் இறக்கை முறுக்கலுக்கான உரிமை அங்கே மறுக்கப்பட்டது. பக்குவத்தைக் கோயில் வாசலில் பேசிவிட்டுப் பிறகு போய் இது என் ரகசியம் என்றால் செல்லாது.

இந்தியச் சட்டத்திலும், சில விதிவிலக்குகள் தவிர, இன்று இதுவே நிலை. பட்டறையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ புதிதாக எதையாவது உருவாக்கியிருந்தால், கண்காட்சிக்கு எடுத்துப் போவதற்கும் யூடியூபில் போடுவதற்கும் முன்னால் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கோ அதன் இணையதளத்துக்கோ ஒரு தற்காலிக விண்ணப்பம் அனுப்பிவிடுங்கள். அந்த நாள் உங்கள் கணக்கில் பதிவாகிவிடும். முழு விவரத்தை எழுதிக் கொடுக்க அதன் பிறகு 12 மாதம் இருக்கிறது.