லாங் ரைடு போறீங்களா? பைக் சீட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது சொகுசாக இருக்கும் சீட், இரண்டு மணி நேரப் பயணத்தில் வலியைத் தரலாம். நீண்ட பயணத்துக்கு ஏற்ற சீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

அதிகாலையில் சென்னையில் பைக்கை ஸ்டார்ட் செய்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால், விழுப்புரம் வரை பயணம் ஜாலியாகத்தான் இருக்கும். திருச்சியை நெருங்கும்போது கதை மாறும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்வது, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்பது, டேங்க் பக்கம் நகர்வது என உடம்பு வேறு இடம் தேட ஆரம்பிக்கும். ஆனால் சுமார் 700 கி.மீ. தொலைவில் இருக்கும் கன்னியாகுமரிக்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கும்.

"சீட்டை மாத்திட்டா எல்லாம் சரியாகிடும்" என்று பலர் கடைக்குப் போவது இப்படி ஒரு பயணத்துக்குப் பிறகுதான். விரலால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்று இருக்கும் சீட்டை வாங்கி மாட்டுவார்கள். அடுத்த பயணத்திலும் அதே வலி. ஏன்?

வலி எங்கிருந்து வருகிறது?

நாம் உட்காரும்போது உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது, இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மர பெஞ்சில் உட்கார்ந்தால் உறுத்துமே, அவைதான்.

சீட் ரொம்ப மென்மையாக இருந்தால் இந்த எலும்புகள் ஃபோமை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும். ஒரு கட்டத்தில் சீட்டின் அடித்தட்டையே தொடும் நிலைக்கு வந்துவிடும். அதே நேரம் நடுவில் இருக்கும் ஃபோம் மேலெழும்பி, தொடைகளுக்கு இடையே செல்லும் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் அழுத்தும். மரத்துப்போகும் உணர்வு வருவது இதனால்தான்.

அதற்காகக் கட்டை மாதிரி இருக்கும் சீட் நல்லது என்று அர்த்தமில்லை. எலும்புகள் அடித்தட்டைத் தொடாத அளவுக்கு உறுதி, எடை ஒரே இடத்தில் விழாத அளவுக்கு மென்மை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல சீட்.

ஃபோம், ஜெல், காற்று: எது பெஸ்ட்?

ஃபோம்: பெரும்பாலான சீட்களில் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். இதில் அடர்த்தி வேறு, கடினத்தன்மை வேறு. அடர்த்தி குறைந்த ஃபோம் புதிதில் நன்றாக இருந்தாலும் சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். அடியில் உறுதியான ஃபோம், மேலே மெல்லிய மென்மையான அடுக்கு என இரண்டையும் சேர்த்துச் செய்வது நீண்ட பயணத்துக்கு ஏற்றது.

மெமரி ஃபோம்: 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் பயன்படுத்த உருவாக்கப்பட்டது இது. உடல் சூட்டில் இளகி, உடலின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். அதே குணம்தான் நம்ம ஊர் வெயிலில் சிக்கல். சூடு ஏற ஏற இளகிவிடும் என்பதால், முழு சீட்டையும் இதில் செய்யாமல் மேலடுக்காக மட்டும் வைத்தால் போதும்.

ஜெல்: அழுத்தத்தைப் பரவலாக்கும். ஆனால் வெயிலில் நிறுத்தினால் சூட்டை உள்வாங்கி, உடனே விடாது. டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சுடும். ஜெல் சீட் வைத்திருப்பவர்கள் நிழல் பார்த்து நிறுத்துவது அல்லது ஒரு துணியைப் போட்டு மூடுவது நல்லது.

காற்று அடைக்கும் குஷன்: சீட் மேல் கட்டிக்கொள்ளும் வகை இது. பலர் செய்யும் தவறு, காற்றை முழுசாக நிரப்பிவிடுவது. அப்படிச் செய்தால் பந்து மேல் உட்கார்ந்த மாதிரி ஆடும். உட்கார்ந்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, சீட்டுக்குச் சற்று மேலே உடல் மிதக்கும் அளவில் நிறுத்த வேண்டும்.

மணி சீட் கவர்: லாரி, டாக்ஸி டிரைவர்கள் போடும் அதே மணி கவர்தான். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன், 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கி.மீ. ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு. இப்படிப்பட்ட நெடுந்தூர ரைடர்களிடம் இந்த மணி கவர் ரொம்பவே பிரபலம். காரணம் எளிது. மணிகளுக்கு இடையே காற்று போகும், வியர்வை தேங்காது.

உங்கள் அளவு என்ன?

செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிறோம். சீட்டுக்கும் அதே கதைதான். வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். கடினமான ஸ்டூல் மேல் அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை வைத்து, அதன் மேல் ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்றின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையம் வரை உள்ள தூரம்தான் உங்கள் எலும்பு முனைகளின் இடைவெளி.

சீட்டில் நீங்கள் உட்காரும் இடம் இதைவிட இரு பக்கமும் தாராளமாக அகலமாக இருக்க வேண்டும். முனைகள் சீட்டின் ஓரத்தில் நின்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வலிக்கும். அதே நேரம் டேங்க் பக்கம் சீட் குறுகலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்னலில் கால் ஊன்ற முடியாது.

சரிவையும் பாருங்கள். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்க் மீது போய் இடிப்பீர்கள். உயரம் குறைந்தவர்கள் கால் எட்டுவதற்காக ஃபோமை வெட்டிக் குறைப்பதும் உண்டு. அப்போது முழங்கால் அதிகம் மடங்கும், இருக்கும் ஃபோமும் குறையும். உதாரணமாக, ஹிமாலயன் 450 பைக்கின் சீட் உயரத்தை 825 மி.மீ., 845 மி.மீ. என இரண்டு நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பைக்கில் அப்படி வசதி இருந்தால், கத்தி வைப்பதற்கு முன் அதை முயற்சி செய்யுங்கள்.

ரெடிமேடா, குஷன் கடையா?

ராயல் என்ஃபீல்டு உள்ளிட்ட நிறுவனங்கள் சில மாடல்களுக்கு டூரிங் சீட்டைத் தனியாக விற்கின்றன. இதில் அடித்தட்டும் லாக்கும் பைக்கோடு சரியாகப் பொருந்தும். 'எல்லா பைக்குக்கும் பொருந்தும்' என்று விற்கப்படுபவற்றில்தான் கவனம் தேவை. மாட்டிய பிறகு சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம். வளைவில் சீட் நழுவினால், வலியை விடப் பெரிய ஆபத்து அது.

பட்ஜெட் குறைவு என்றால் குஷன் கடையே போதும். ஆனால் ஒரிஜினல் சீட்டைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். புதுப்பேட்டை போன்ற இடங்களில் உங்கள் மாடலுக்கான பழைய சீட் கிடைத்தால் வாங்கி, அதில் ஃபோம் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். சரிவரவில்லை என்றால் பழைய சீட்டுக்கே திரும்பலாம். தையல், உட்காரும் இடத்தின் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உறுத்தும், மழையில் தண்ணீரும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

பின்னாடி உட்காருபவரை மறக்காதீங்க

ஓட்டுபவருக்கு அகலமான சீட் போட்டு, பின்னால் இருப்பவருக்கு உள்ளங்கை அளவு இடம் விடும் டிசைன்கள் உண்டு. சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு அது போதாது. வீட்டுக்காரர்களை ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதிப்படி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும், துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். சீட் மாற்றும்போது இவற்றைக் கழற்றி எறியக்கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. இருவர் அமரும் பைக்கை ஒற்றை சீட்டாக்க நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

எல்லா வலிக்கும் சீட் காரணமில்லை. டயரில் காற்று அதிகமா, பின் சஸ்பென்ஷன் உங்கள் எடைக்கு ரொம்ப டைட்டா என்று முதலில் பாருங்கள். ஹேண்டில்பார் எட்டாமல் குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கும், அதை எந்த சீட்டாலும் சரிசெய்ய முடியாது. தடிமனான தையல் உள்ள ஜீன்ஸ், உள்ளாடை ஆகியவையும் உறுத்தும். மணிக்கொரு முறை இறங்கி நான்கு அடி நடந்தாலே பாதி பிரச்னை தீரும். பைக்கை விட்டு இறங்கிய பிறகும் மரத்துப்போன உணர்வு நீடித்தாலோ, வலி காலுக்குப் பரவினாலோ, சீட் கடைக்கு அல்ல, டாக்டரிடம் போக வேண்டும்.

புது சீட் மாட்டியதும் நேராகக் கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போய்விட்டு வாருங்கள். திரும்பி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போது, வழியில் ஒருமுறைகூட சீட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை என்றால், அதுதான் உங்களுக்கான சீட்!