சொல்லும் சரக்கும் - 9: ‘ஆய்வு’ என்றொரு முலாம்

1953 டிசம்பர். நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் அமெரிக்காவின் பெரிய சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடினார்கள். சந்தையில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததும் எலிதான். சிகரெட் புகையிலிருந்து எடுத்த தாரை எலிகளின் முதுகில் தடவினால் புற்றுக்கட்டி வருகிறது என்று எர்ன்ஸ்ட் விண்டர் குழுவினர் அதே மாதம் ஆய்விதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள்.

கம்பெனிகள் கைகாட்டிய ஆள் ஜான் ஹில், மக்கள் தொடர்புத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஊர் வாயை மூட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த வாயில் வேறு பேச்சைப் போடலாம் என்பதும் தெரியும். கம்பெனிகள் சேர்ந்து ஒரு குழு அமைக்கட்டும், அதன் பெயரில் ‘ஆய்வு’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும் என்றார். அந்தச் சொல் இருந்தால்தான் குழு சொல்வதற்குக் கனமும் நம்பகமும் கூடும் என்று அவருடைய நிறுவனத்தின் குறிப்பு பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறது. ‘புகையிலைத் தொழில் ஆய்வுக் குழு’ இப்படித்தான் பிறந்தது. அலுவலகம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில். ஹில்லின் அலுவலகமும் அதே கட்டடத்தில்தான், ஒரு மாடி மேலே!

1954 ஜனவரி 4 அன்று நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. சிகரெட் பிடிப்பவர்களிடம் மனம் திறந்து பேசுவதாகத் தலைப்பு. படம் கிடையாது, பத்தி பத்தியாக எழுத்து மட்டும். அதன் முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். விண்டரின் ஆய்வு முடிவு அங்கே ‘எலிகளை வைத்து நடந்த சோதனை’ ஆகிவிடுகிறது. புற்றுநோய்த் தொடர்பு ஒரு ‘கருத்து’ ஆகிறது. அதுவும் ‘ஏதோ ஒரு வகையில்’ இருக்கக்கூடிய தொடர்பாம். பொய் என்று ஒரு சொல்லைத் தனியே பிடித்துக் காட்ட முடியாது. அந்த வாக்கியத்தை எழுதியவரின் கைப்பக்குவத்தை மெச்சாமல் இருக்கவும் முடியவில்லை. மக்கள் நலமே மற்ற எதையும்விடத் தங்களுக்கு முக்கியம் என்று கம்பெனிகள் அதே பக்கத்தில் உறுதியும் தந்தன.

குழுவின் அறிவியல் தலைமைக்கு வந்தவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். மரபணு விஞ்ஞானி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர், புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்தையே நடத்தியவர். கம்பெனிக்காரர் பேசினால் விற்பனைப் பேச்சு. லிட்டில் பேசினால் விஞ்ஞானம். பணம் நிஜமான ஆய்வுகளுக்கும் போனது. ஆனால் பெரும்பகுதி புற்றுநோயின் அடிப்படை உயிரியலுக்கு. சிகரெட் என்ன செய்கிறது என்ற நேர்க்கேள்வி ஓரமாகவே கிடந்தது.

1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு குழுவும் பெயர் மாற்றிக்கொண்டது: ‘புகையிலை ஆய்வுக் கவுன்சில்’. பத்து வருடம் முன்பு ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். இப்போது ‘தொழில்’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டார்கள். 1998இல் 46 மாநிலங்களுடன் செய்த ஒப்பந்தத்தின்படி கவுன்சிலையே இழுத்து மூட வேண்டியதாயிற்று.

சொல் சண்டை ஓயவில்லை. கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்து, திருத்த அறிக்கைகள் வெளியிட உத்தரவிட்டார். அதன் வாசகத்துக்காக 11 ஆண்டுகள் வழக்காடினார்கள். ‘வேண்டுமென்றே ஏமாற்றினோம்’ என்ற தொனியில் இருந்த முன்னுரை 2015இல் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனது. மிச்சம் இருந்தது 2017 நவம்பரில் நாளிதழ்களில் வந்தது. அதுவும் முழுப்பக்கம், அதிலும் படம் இல்லை.

(தொடரும்)