ஒரு கூடை மீனும் ஆறு கிலோ ஐஸும்

கடற்கரையில் மீன் ஏலம் நடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? படகு கரையேறியதும் மீன்கள் மணலில் கொட்டப்படுகின்றன. ஏலம் கூறுபவர் விலை சொல்லத் தொடங்குகிறார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரவெல்லாம் பாடுபட்டுப் பிடித்த மீனை ஏன் இவ்வளவு அவசரமாக விற்க வேண்டும்? நல்ல விலை கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாதா?

நெல்லாக இருந்தால் காத்திருக்கலாம். நன்கு காய்ந்த நெல் மாதக்கணக்கில் கெடாது. மீனோ மணிக்கணக்கில் கெட்டுவிடும். தமிழ்நாட்டின் 14 கடலோர மாவட்டங்களில் சுமார் 600 மீனவக் கிராமங்கள் உள்ளன. அங்கு வாழும் மக்களின் வருமானத்தை இந்த வேறுபாடு பெரிதும் நிர்ணயிக்கிறது.

மீன் ஏன் கெடுகிறது?

உயிருள்ள மீனின் செவுளிலும் தோலிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் உள்ளன. மீன் இறந்தபின் இவை தசைக்குள் பரவிப் பெருகுகின்றன. மீனின் உடலிலுள்ள நொதிகளும் தசையைச் சிதைக்கின்றன. இவ்விரண்டும் வெப்பத்தில் விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் நடைபெறும். 30 டிகிரி செல்சியஸில் அரை நாளில் கெட்டுவிடும் மீன், 0 டிகிரியில் பத்து நாட்கள்கூட நன்றாக இருக்கும். ஆகவே, குளிர்விப்பது என்பது நேரத்தை விலைக்கு வாங்குவதாகும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு பெண் ஏலத்தில் 20 கிலோ மீன் வாங்குகிறார் என்று கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்விக்க எவ்வளவு ஐஸ் தேவை? ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற ஒரு கலோரி வேண்டும். மீனுக்குச் சுமார் 0.8 கலோரி போதும். எனவே மீனிலிருந்து நீக்க வேண்டிய வெப்பம்:

20,000 × 0.8 × 30 = 4,80,000 கலோரி.

ஒரு கிராம் ஐஸ் உருகி நீராவதற்கு 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதுவே உருகுதலின் உள்ளுறை வெப்பம். 4,80,000-ஐ 80-ஆல் வகுத்தால் 6,000 கிராம், அதாவது 6 கிலோ.

ஆனால், கடற்கரையில் கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பார்கள். கணக்கு தவறா? இல்லை. குளிர்ந்த மீனைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டுமல்லவா? வெயிலும் காற்றும் ஓயாமல் வெப்பத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கின்றன. மீதி 14 கிலோ ஐஸ் அதற்குத்தான் செலவாகிறது.

இப்போது அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். 20 கிலோ மீனும் 20 கிலோ ஐஸும் சேர்ந்தால் 40 கிலோ! அதைத் தலையில் சுமந்து பஸ் ஏறித் தெருத்தெருவாகப் போக முடியுமா? கொஞ்சம் ஐஸைப் போட்டுக்கொண்டு, விரைவாக நடக்கிறார். பகல் ஏற ஏற அவர் சொல்லும் விலை இறங்குகிறது. எஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குகிறார். தெர்மோகோல் பெட்டி இருந்தால் நிலைமை மாறும். அதில் அடைபட்டுள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குறைந்த ஐஸே நெடுநேரம் தாங்கும்.

யாரால் காத்திருக்க முடியும்?

விசைப்படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு பல நாட்கள் கடலில் தங்குகின்றன. ஐஸ் தீரும் நிலை வந்தால் கரை திரும்பியாக வேண்டும். கட்டுமரத்திலோ அதற்கு இடமில்லை. ஐஸும் குளிர் அறையும் வைத்திருக்கும் வியாபாரியால் நாளைய சந்தைக்குக் காத்திருக்க முடியும், மீனவரால் முடியாது. படகுக்கும் வலைக்கும் அந்த வியாபாரியிடமே கடன் பட்டிருந்தால், வேறு ஒருவருக்கு விற்கவும் வழியில்லை.

ஐஸ் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மீனவர்கள் கிராமச் சங்கங்கள் அமைத்து, ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இத்தகைய சங்கங்கள் ஒன்றிணைந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. தனி மனிதரால் பேச முடியாத விலையைச் சங்கத்தால் பேச முடிந்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தட்டில் திறந்து வையுங்கள். மற்றொன்றைத் தடித்த சாக்குத் துணியால் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகுகிறது? எவ்வளவு நேரம் முன்னதாக? குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேர வித்தியாசம்தான் மீன் விற்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசம்.