ஞாபகம் இருக்கு... ஆனா ஆளே மாறிட்டார்! அல்சைமர் மட்டும்தான் டிமென்ஷியாவா?

“அப்பாவுக்கு மறதியெல்லாம் இல்லை. போன மாசப் பால் கணக்கு வரைக்கும் சொல்றார். ஆனா ஆளே மாறிட்டார்.”

இப்படிச் சொல்லும் பிள்ளைகளுக்கு டிமென்ஷியா என்ற சந்தேகமே வருவதில்லை. மறதி இருந்தால்தானே மறதி நோய்? சிக்கல் அங்கேதான்.

காய்ச்சலுக்கு டெங்கு, டைஃபாய்டு எனப் பல காரணங்கள் இருப்பதுபோல, டிமென்ஷியாவுக்கும் பல காரணங்கள் உண்டு. அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவற்றில் முக்கியமானவை மூன்று.

1. வாஸ்குலர் டிமென்ஷியா

மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவதால் வருவது. பக்கவாதத்துக்குப் பிறகு வரலாம். வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் சேர்ந்தும் வரலாம். யோசிப்பதில் மந்தம், திட்டமிடுவதில் தடுமாற்றம் முதலில் தெரியும். பிபி, சுகரைக் கட்டுக்குள் வைத்து, புகைப்பதை விட்டால் ஆபத்து குறையும்.

2. லூயி பாடி டிமென்ஷியா

“ஹால்ல யாரோ குழந்தைங்க உட்கார்ந்திருக்காங்க” என்பார்கள். ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். நடை தளரும். தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை, காலை உதறுவார்கள். நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு இந்த நோய் இருந்தது, 2014-ல் அவர் இறந்தபின் நடந்த பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. மனநோய் என்று நினைத்து ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால், உடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா

பெரும்பாலும் 45 - 65 வயதில் தொடங்கும். கூச்சம் போய்விடும். வீட்டில் யார் அழுதாலும் கண்டுகொள்ள மாட்டார். இனிப்பாகவே கேட்பார். பணத்தை யோசிக்காமல் இறைப்பார். சிலருக்குப் பேச்சுதான் முதலில் பாதிக்கும். நடிகர் புரூஸ் வில்லிஸ் 2022-ல் பேச்சுக் குறைபாட்டால் நடிப்பிலிருந்து விலகினார். அவருக்கு இந்த நோய் என்று 2023-ல் குடும்பத்தினர் அறிவித்தனர். அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் மாத்திரை லூயி பாடி வகைக்கு உதவும். இதற்கு உதவாது, சிலருக்கு நடத்தையை மோசமாக்கவும் செய்யும்.

என்ன வகை என்று தெரியாமல் மாத்திரை போடக் கூடாது என்பது இதனால்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகும் முன், முதலில் மாறியது எது, எப்போதிலிருந்து என்று எழுதி வையுங்கள். நடையையும் தூக்கத்தில் உதறுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

பி12 குறைபாடு, தைராய்டு, கீழே விழுந்ததில் தலைக்குள் ஏற்பட்ட ரத்தக்கசிவு ஆகியவையும் டிமென்ஷியா போலவே தெரியலாம். ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இவை தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.

அதனால், “வயசானா இப்படித்தான்”, “வேணும்னே பண்றார்” என்று அப்பாவிடம் சண்டைக்குப் போகும் முன், ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.